மிஸிஸ் லமோனின் பதினான்காம் பக்கம்

ஜெனோஜாவுக்குத் தன் வேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று சொன்னது மரியாதைக்காக. தென்லண்டன் நூலகம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில் அவள் அடுக்கிய பெட்டிகளைப் பார்த்தால் கண்பட்டுவிடும். அப்படிப்பட்டவளிடம்தான் எழுத்தாளர் வினிஃபிரெட் லமோன் தன் வாழ்நாள் காகிதங்களைப் பத்தொன்பது கடைப் பைகளில் திணித்து அனுப்பியிருந்தார். செயின்ட் லூசியாத் தீவில் பிறந்து, தென்லண்டனில் மிச்சம் என்ற ஊரில் முப்பது வருடமாகக் குடியிருப்பவர். வயது எண்பத்தாறு. கூட வந்த குறிப்பில் ஒரே வரி: எல்லாம் உள்ளே இருக்கிறது.

இருக்கத்தான் செய்தது. பத்தே நாளில் ஜெனோஜா அத்தனையையும் பிரித்தாள். கைப்பிரதிகள் தனி. காஸ் கம்பனிக் கடிதங்கள் தனி. கவுன்சில், தேவாலயம், ஆஸ்பத்திரி எல்லாம் தனித்தனிப் பெட்டி, தேதி வாரியாக. அன்று மாலை தனக்குத் தானே ஒரு கேக் துண்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. மிஸிஸ் லமோனின் கட்டுரைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது, கடைசிக் கட்டுரையை மட்டும் காணவில்லை என்றார்கள். அவர் தன் அக்கா அக்னஸைப் பற்றி எழுதியது. பதினான்கு பக்கம், நகல் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அது இல்லாமலே புத்தகம் வரும். மறுபடி எழுதித் தர மிஸிஸ் லமோன் மறுத்துவிட்டாராம். அக்காவோடு கோபித்துக்கொண்டு, பேசாமல் இருந்தே அவரைப் பறிகொடுத்தவர். அதை ஒரு தடவைக்கு மேல் எழுதத் தெம்பில்லை என்றாராம்.

கைப்பிரதிப் பெட்டிகளை ஜெனோஜா இரண்டு முறை கவிழ்த்துப் பார்த்தாள். இல்லை. புதன்கிழமை வெட்கத்தை விட்டு மிஸிஸ் லமோனுக்கே போன் செய்தாள். காஸ் கம்பனிக் கடிதங்களைப் பார்த்தாயா என்று அவர் சாவகாசமாகக் கேட்டார்.

விஷயம் இதுதான். புதுக் காகிதத்தைக் கண்டால் மிஸிஸ் லமோனுக்கு எழுத்து வராது. தபாலில் எது வந்தாலும் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதுவார். ஜெனோஜா வளர்ந்த வீட்டிலோ முத்திரை விழுந்த கடிதம் என்றால் சாமிப்படத்துக்கு அடுத்த மரியாதை. இந்த நாட்டில் தங்க அனுமதி தரும் ஹோம் ஆஃபிஸின் ஒரு கடிதத்துக்காக ஒன்பது வருடம் காத்திருந்த குடும்பம் அது. அதன் பக்கத்தில் தேநீர்க் கோப்பையை வைத்ததற்கே அம்மா நகுலேஸ்வரியிடம் குட்டு வாங்கியவள் அவள். அப்படி ஒன்றின் பின்பக்கத்தில் ஒருவர் கட்டுரை எழுதுவார் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்து, ஒரு கட்டுரையை நான்கு பெட்டிகளுக்குள் சிதறடித்திருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் அழாக்குறையாகச் சொன்னாள். "கவுன்சில் கடிதத்தில ஆராவது கிறுக்குவினமோ? பிழை அந்த மனுசியிலதான்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வியாழன் காலை அந்த மனுசியே டிராம் பிடித்து வந்து சேர்ந்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் அதட்டுகிற விதத்தில் அது ஜெனோஜாவின் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே விழுந்தது. போதாததற்கு, சந்தியிலுள்ள தமிழ்க் கடையில் பொறுக்கிய "பிள்ளை" என்ற சொல்லையும் நடுநடுவே போட்டார்.

ஜெனோஜா ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். முதல் வரியை வாசி, என் கையெழுத்து உனக்கு விளங்குகிறதா பார்ப்போம் என்பார் மிஸிஸ் லமோன். வரியைக் கேட்டதும் இது மூன்றாம் பக்கம், இது ஒன்பதாம் பக்கம் என்று சொல்லிவிடுவார். அக்னஸைக் கொண்டுபோய் பாய்லர் திருத்துகிறவர்களோடு வைத்திருக்கிறாயே, அவளுக்குத் தேவாலயப் பெட்டிதான் பிடித்திருக்கும் என்று சீண்டினார். தான் பரீட்சை எழுதுவதாகவே ஜெனோஜா நினைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் பதின்மூன்று பக்கம் சேர்ந்தது. மிச்சம் ஒன்று. தேடாத பெட்டியும் ஒன்றுதான், ஆஸ்பத்திரிப் பெட்டி. மருத்துவக் கடிதங்களை யாரும் வாசிக்கக் கூடாது, எண்பது வருடம் மூடி வைக்க வேண்டும் என்பது காப்பகத்தின் விதி. தேதியை மட்டும் பார்த்து அவளே கட்டி முத்திரையிட்டிருந்தாள். தயங்கித் தயங்கி அதைச் சொன்னாள்.

"எண்பது வருசமோ? அப்ப எனக்கு நூற்றி அறுபத்தாறு" என்றார் மிஸிஸ் லமோன். "டிராம் அப்பவும் ஓடுமோ, பிள்ளை?"

கடிதத்துக்கு உரியவரே சம்மதித்தால் திறக்கலாம். படிவத்தில் ஜெனோஜா விரல் வைத்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார். பெட்டிக்குள் மேலாகவே கிடந்தது பதினான்காம் பக்கம். பழக்கதோஷம், அவள் கண் முதலில் முன்பக்கத்துக்குத்தான் போனது. போன கண் அங்கேயே நின்றுவிட்டது.

"இதை நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"முன்பக்கம் எனக்கென்னத்துக்கு? பின்பக்கத்தை வாசி."

"முதல்ல இதை வாசியுங்கோ" என்று தாளை அவர் கையில் கொடுத்தாள்.

மிஸிஸ் லமோன் தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். பிறகு ஜன்னல் பக்கம் நீட்டினார். குறும்பெல்லாம் அந்த முகத்தை விட்டுப் போயிருந்தது.

"வாசிக்க ஏலுமெண்டால் திருப்பிப் போட்டிருப்பனோ, பிள்ளை? எழுதக் கண் தேவையில்லை, கை பழகிப்போச்சு. வாசிக்கத்தான் ஏலாமல் கிடக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ஜெனோஜாவுக்கு முகம் சுட்டது. காலையிலிருந்து ஒவ்வொரு தாளாக அவர் முன்னால் வைத்தவள் அவள்தான். ஒரு தடவையாவது அவர் கண்களைப் பார்த்தாளா? தாளை வாங்கி முன்பக்கத்தை வாசித்தாள். கண் சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறது. நாளைக்குள் போன் செய்து வருவதாகச் சொல்லாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். போகட்டும், இந்த வயதில் எதற்கு என்றார் மிஸிஸ் லமோன். போன் பேசினால்தான் பின்பக்கம் என்று ஜெனோஜா தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். காப்பகத் தொழிலில் இதற்கு எந்த விதியும் இடம் தராது. நாற்பது நிமிடம் போனில் ஆஸ்பத்திரி போட்ட இசையைக் கேட்டுக் காத்திருந்து, மிஸிஸ் லமோன் முணுமுணுப்போடு பெயரைக் கொடுத்தார்.

ஜெனோஜா தாளைத் திருப்பி வாசித்தாள்.

"அக்னஸின் கடைசிக் கடிதம் பதினோரு மாதம் பிரிக்கப்படாமல் என் மேசையில் கிடந்தது. மன்னிப்புக் கேட்டிருப்பாள், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் போனபிறகுதான் பிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், தனியே போகப் பயமாக இருக்கிறது, கூட வருவாயா என்று கேட்டிருந்தாள்."

அதற்குமேல் அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை. மிஸிஸ் லமோன் வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அடுத்த மாசம்" என்றார் கடைசியில். "நீ என்னோட வருவியோ, பிள்ளை?"

"வாறன்" என்றாள் ஜெனோஜா.