முந்தி விழுந்த அடி

பழைய டிரம் செட்டைப் பிரித்தால் உள்ளே தவறிய அடிகள் இருக்கும். சரியாக விழுந்த அடிகளைக் கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். தவறியதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அது தோலுக்குக் கீழேயே தங்கிவிடுகிறது. சாதாரணத் தவறுகள் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். சிம்பல் வெறும் தட்டு, அதற்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. அதனால் அதன் தவறுகள் வழிந்து பக்கத்து டிரம்மில் சேர்ந்துகொள்ளும்.

நான் திருச்சி பொன்மலையில் பழைய டிரம் செட்டுகளைப் பழுதுபார்க்கிறேன். பெயர் பக்கிரிசாமி. வளையத்தின் துருவை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது, மரக்கூட்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்துவது, புதுத் தோலை மாட்டித் திருகுகளை எதிரெதிராக முறுக்குவது, எல்லாம் சேர்ந்து மூன்று நாள் வேலை. மற்ற நாட்கள் தவறுகளை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் கழிகின்றன. சேர்க்காவிட்டால் டிரம் ஒழுங்காகப் பேசாது. எங்கள் சங்கத்தில் இதற்கு ஒரு படிவம் இருக்கிறது. தவறு எங்கே நடந்தது, யாருடையது என்று எழுதி, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தை வாங்க வேண்டும். தவறு பெரியதாக இருந்தால், அன்று மேடையில் பக்கத்தில் நின்றவர் சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகவே வாங்கிக்கொள்கிறார்கள். உறையூரில் ஒரு பெரியவர் தன்னுடையதை ஷோகேஸில், மகள் வாங்கிய கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் எனக்கு டிரம் வாசிக்க வராது என்பது. அதைப் பதினோரு வருடம் வாசித்துத்தான் கண்டுபிடித்தேன். எனக்கு முன்பே ஊரில் எல்லோரும் கண்டுபிடித்திருந்தார்கள்.

சென்ற பங்குனியில் ரெஜினா ஒரு சிவப்பு செட்டை வேனில் கொண்டுவந்து இறக்கினாள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாதா கோயில் திருவிழாவில் முதன்முதலாக மேடையேறப் போகிறாள். ஒரு பழைய மண்டபத்தின் பரணிலிருந்து அந்த செட்டை வாங்கியிருந்தாள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. செங்கதிர் மெல்லிசைக் குழுவில் நான் வாசித்த செட் அது. ரொம்ப நல்ல செட் என்று அவளிடம் சொன்னேன்.

சிறிய டிரம்களில் மட்டும் அரைப் படி தவறு தேறியது. அத்தனையும் என்னுடையவை. படிவம் நிரப்பி, எனக்கு நானே கொடுத்து, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். இதற்கே ஒரு பகல் போயிற்று. பிறகு பேஸ் டிரம்மைத் திறந்தேன். உள்ளே பூசணிக்காய் அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. உரியவர் ஏற்காத தவறு வருடத்துக்கு வருடம் வளரும். தொடுவதற்குக் கையை நீட்டினேன். விரல் படுவதற்கு முன்பே அது ‘டும்’ என்றது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வரவேற்பில் நடந்தது அது. பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டும். பிறகு பேஸ் கிதார் வாசிக்கும் இன்னாசி தலையாட்டுவான். அவன் தலையைப் பார்த்து நான் அடிக்க வேண்டும். இன்னாசி என் கூட்டாளி. அவன் வீட்டு மீன் குழம்பில்தான் நான் பாதி வளர்ந்தேன். அன்று அவன் தலை அசையவில்லை. நான் மூன்றிலேயே அடித்துவிட்டேன். பாடகியின் மூச்சு பாதியில் நின்றது. மாப்பிள்ளை பெண்ணுக்கு ஊட்ட எடுத்த மைசூர்பாகைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தவறு நடந்தால் தலைவர் சங்கிலிமுத்து திரும்பிப் பார்ப்பார். செய்தவன் நெஞ்சில் கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் அத்தோடு சரி, ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அன்றும் திரும்பிப் பார்த்தார். என் இரண்டு கையிலும் குச்சி இருந்தது. அதை ஒரு காரணமாக நான் இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். நான் இன்னாசியைப் பார்த்தேன். அவன் முந்தித் தலையாட்டிவிட்டான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவன் நெஞ்சில் கை வைக்கவில்லை. வைக்காததற்காக அன்றே அவனைக் குழுவிலிருந்து அனுப்பினார்கள். கிதாரை விற்று ஜெராக்ஸ் கடை போட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பேஸ் டிரம்முக்குள் ஒரு தலையணை வைப்பது தொழில் முறை. அதிர்வு அடங்கும். நான் அந்தத் தவறுக்குத் தலையணை உறை மாட்டி, உள்ளேயே வைத்து மூடினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ரெஜினா வந்து பெடலில் கால் வைத்தாள். கால் இறங்குவதற்கு முன்பே டும் என்று கேட்டது. மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

“அண்ணே, உள்ள ஒண்ண விட்டுட்டீங்க,” என்றாள்.

மரம் ஈரம் குடித்திருக்கிறது, வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்றேன்.

“ஈர மரம் பிந்தித்தாண்ணே அடிக்கும். இது முந்துது. யாரோடதுன்னு பாத்துக் குடுத்துட்டு வாங்க. சனிக்கிழமை எனக்கு மேடை.”

யாருடையது என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டாள்.

என்னுடையதை நான் பெற்றுக்கொள்வதில் சிக்கலில்லை. பக்கத்தில் நின்றவரின் சாட்சிக் கையெழுத்து வேண்டுமே. அன்று பக்கத்தில் நின்றவன் இன்னாசி. தவறை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்தேன். அந்தக் காலத்து மைக், அந்த மண்டபத்து எதிரொலி, எல்லோருக்கும் வயசு கம்மி, இப்படிச் சுற்றிவளைத்துக் கடைசியில் நானும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று முடித்திருந்தேன். எனக்கே கண் கலங்கும்படி வந்திருந்தது.

தவறு ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிவிட்டது. எங்கேயும் முந்திப் போய்த்தான் அதற்குப் பழக்கம். நான் கடைக்குப் போனபோது இன்னாசி அதை ஜெராக்ஸ் மெஷின் மேல் உட்காரவைத்து, உறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. தயார் செய்த பேச்சை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. படிவத்தை நீட்டினேன்.

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தான். ‘யாருடையது’ என்ற கட்டம் காலியாக இருந்தது.

“இதுல என்னா எழுதணும்?” என்றான்.

“என் பேரு. நீ தலையாட்டலடா இன்னாசி. நான்தான் முந்திட்டேன்.”

“அத எனக்குச் சொல்றியாக்கும். எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே.”

“சங்கிலிமுத்து இல்ல. போய்ச் சேந்துட்டாரு. வேற யார்ட்ட சொல்றது?”

“எல்லாத்துலயும் முந்துறவன், இதுக்கு மட்டும் முப்பத்தோரு வருசம் எடுத்துக்கிட்ட,” என்றான்.

கையெழுத்துப் போட்டான். தனக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டான். தேநீர் வாங்கிவரச் சொல்வானோ என்று கொஞ்ச நேரம் நின்றேன். சொல்லவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் அதை வைத்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

தவறைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம் என்று கையை நீட்டினேன். அது மெஷினிலிருந்து இறங்கி இன்னாசியின் நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று முறை கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மூன்று முறையும் மாட்டேன் என்றது.

“விடு. ஊர்ல அது என் பேர்லதான் வளந்துச்சு. இங்கயே இருக்கட்டும்,” என்றான் இன்னாசி. “நீ ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போ.”

ரெஜினா சனிக்கிழமை வாசித்தாள். ஒரு அடிகூட முந்தவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து இரண்டு நல்ல அடிகளை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னாசி கடைக்குப் போகிறேன். முதல் இரண்டு வாரம் வாசலோடு அனுப்பினான். மூன்றாவது வாரம் ஸ்டூல் போட்டான். அடுத்த மாதம் அந்தத் தவறைத் தன் ரேஷன் கார்டில் சேர்க்க வேண்டும் என்று என்னையும் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த அம்மாள் படிவ ஜெராக்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனிஷியல் என்ன போடுவது என்று கேட்டார். இன்னாசி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ப. போடுங்கம்மா. பக்கிரிசாமி. என்னுதுதான்,” என்றேன்.

அதற்குப் பெயர் வைக்காததால் கார்டில் அந்த ஓர் எழுத்து மட்டும் அச்சாகி வந்தது. மாதம் அரைக் கிலோ சர்க்கரை கொடுக்கிறார்கள்.