வாயில் குண்டூசி இல்லை

கடையில் துணி வெட்டுவது மட்டும்தான் அவள் புருஷன் வேலை. தையல், பட்டன் காஜா, கோபம் மூன்றும் அவள் பங்கு. மாஸ்டர் என்று ஊரே கூப்பிடும் அந்த மனுஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாலைந்து குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டேதான் பேசுவார். முப்பது வருஷமாக அந்த முணுமுணுப்புக்கு "ம்" கொட்டியே அவளுக்குப் பழகிவிட்டது.

அன்று காலையும் மிஷினை மிதித்தபடியே "ம்" என்றாள். அவர் மறுபடியும் என்னவோ குழறினார்.

"ஊசியை எடுத்துட்டுப் பேசுங்களேன். எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

மறுபடியும் அதே குழறல். எரிச்சலோடு திரும்பினாள். குண்டூசிகள் அத்தனையும் மேசைமேல் பஞ்சுத் திண்டில் குத்தியிருந்தன. அவர் வாயில் ஒன்றுகூட இல்லை.

பேச்சு திடீரென்று குழறினால் பக்கவாதமா என்று எப்படிப் பார்ப்பது என, சீருடை தைக்கக் கொடுக்க வரும் நர்ஸம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"என்னைப் பாத்துச் சிரிங்க."

சிரித்தார். இடது பக்கம் மட்டும்தான் சிரித்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்க."

வலது கை பாதியிலேயே இறங்கிவிட்டது. அவர் இடது கையால் நாற்காலியைக் காட்டினார். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடுமாம்.

"உக்காந்தா சரியாகிற விஷயமில்ல இது," என்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அமுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே டாக்டரம்மா கேட்டார்: "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா பேசினார்? அது தெரியணும். நேரம் தாண்டிட்டா ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து போட முடியாது."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காலையிலிருந்து எத்தனை "ம்" கொட்டியிருப்பாள். அதில் ஊசி எது, வியாதி எது? பாவி, ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சட்டென்று, காலையில் பேன்ட்டுக்கு அளவு கொடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஞாபகம் வந்தது. அளவு எடுக்கும்போது மட்டும் மாஸ்டர் வாயில் ஊசி இருக்காது. எண் தப்பினால் துணி பாழ். "இடுப்பு முப்பத்தாறரை" என்று மாஸ்டர் கணீரென்று சொன்னார், அவள் எழுதிக்கொண்டாள். மணி பத்தே கால் ஆச்சு, பத்தரைக்கு வகுப்பு என்று வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து ஓடினார்.

"பத்தே கால்ங்க. அப்ப நல்லா பேசினாரு. சத்தியமா."

"இப்போ பதினொன்றரை. நேரம் இருக்கும்மா."

ஸ்கேன் முடிந்து மருந்து ஏறத் தொடங்கியது. பிழைப்பாரா, பேச்சு வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. அவர் எதையோ குழறினார். வழக்கம்போல் "ம்" அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, அவர் உதட்டருகே காதைக் கொண்டுபோனாள்.

"புரியலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."