மூணு நாள் இந்தப் பக்கம், மூணு நாள் அந்தப் பக்கம்

வியாழக்கிழமை காலை எட்டு மணி ஆனதும் அந்தக் கல் அறுக்கும் பட்டறையில் பதினான்கு பேர் தங்கள் முகக்கவசத்தை உள்பக்கம் வெளியே வரும்படி பிரட்டுவார்கள். திங்கள், செவ்வாய், புதன் ஒரு பக்கம். வியாழன், வெள்ளி, சனி மறுபக்கம். சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, உதறி, நாடாவை மாட்டிக்கொண்டு மிஷினைப் போட்டுவிடுவார்கள். சமையலறை மேடைக்கான கல் பலகைகளை அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குவது அவர்கள் வேலை. அரை மணி நேரத்தில் ஆளும் சுவரும் ஒரே நிறமாகிவிடும்.

இந்தப் பிரட்டும் முறையைக் கண்டுபிடித்தவர் ஸ்டோர் பொறுப்பாளர். அவரை முன்னால் 'சார்' என்றும் பின்னால் 'சிக்கனம்' என்றும் கூப்பிடுவார்கள். அவருக்கு இரண்டுமே தெரியும். இரண்டாவதில்தான் அவருக்குப் பெருமை அதிகம். மை தீர்ந்த பேனாவைக் காட்டினால்தான் புதுப் பேனா கொடுப்பார். வேலைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் அவரே முகக்கவசத்தைப் பிரித்துக் காட்டி வகுப்பு எடுப்பார்.

"துணிக்கு ரெண்டு பக்கம் இருக்கில்ல? ஒரு பக்கம் அழுக்கானா மறுபக்கம் எதுக்கு இருக்கு? மூணு நாள் இந்தப் பக்கம், மூணு நாள் அந்தப் பக்கம். வாரத்துக்கு ஒண்ணு."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கிழிந்த காலரைப் பிரட்டித் தைத்துப் போட்டுக்கொள்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு விற்பனைக்காரர் பட்டறைக்கு வந்து ரப்பர் முகக்கவசம் ஒன்றை மேஜைமேல் வைத்தார். கன்னத்தின் இரு பக்கமும் கழற்றி மாட்டும் வடிகட்டி, கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம், பல வருஷம் உழைக்கும் என்றார். முதலாளி அதைச் சிக்கனத்திடம் தள்ளி, "ரெண்டையும் ஒப்பிட்டுச் சொல்லு" என்றார். சிக்கனம் தாளில் இரண்டு பத்தி போட்டார். ரப்பர் ஒன்று ஆயிரத்து ஐந்நூறு, வடிகட்டி மாதம் முந்நூறு. ஆக ஓர் ஆளுக்கு முதல் வருஷம் ஐயாயிரத்து நூறு. தூக்கிப்போடும் துணிக் கவசம் ஒன்று நாற்பது. 'ஒன்று எத்தனை நாள் வரும்' என்ற இடத்தில் அவர் கொஞ்சமும் யோசிக்காமல் 'ஆறு' என்று எழுதினார். வருஷத்துக்கு இரண்டாயிரம் சொச்சம். முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். விற்பனைக்காரர் ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அதே மாதம் சிக்கனத்தின் மனைவி தன் தம்பிக்கு வேலை கேட்டாள். அம்மா போன பிறகு அவள் கையால் வளர்ந்த தம்பி அவன். சிக்கனமே அவனைப் பட்டறையில் சேர்த்து, விளிம்பு தேய்க்கும் மிஷினில் நிறுத்தினார். முதல் நாள் அவனுக்கும் அந்த வகுப்பு நடந்தது.

தம்பி இவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். படிகள் மொத்தம் பதினெட்டு. வந்த புதிதில் அவன் இரண்டு இரண்டாகத் தாவி ஏறுவான். "படிய உடைச்சிடாதடா" என்று அக்கா கீழேயிருந்து கத்துவாள். இந்த வருஷம் அந்தச் சத்தம் மாறியிருந்தது. ஏழு படி ஏறுவான், நிற்பான். யாராவது பார்த்தால் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் நிற்பான். பிறகு மிச்சத்தை ஏறுவான்.

"என்னங்க, அவன் நடுப்படியில நிக்கிறான்" என்றாள் மனைவி ஒரு சாயங்காலம்.

"போன் பாக்குறான்."

"பாட்டரி போய் ரெண்டு நாளாச்சு அந்தப் போனுக்கு. ரிப்பேர் கடையில கிடக்கு."

மாடியில் இருமல் கேட்டது. சளி இல்லாத, காய்ந்த இருமல். ஒரு முறை தொடங்கினால் எண்ணிக்கொண்டே இருக்கலாம், சிக்கனம் எண்ணினார். இருபத்து மூன்றில் நின்றது. எண்ணாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"அவனுக்கு இருபத்தொன்பது வயசுங்க" என்றாள் மனைவி. "எனக்குப் பயமா இருக்கு."

அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் தூசி வேலையென்றால் இருமல் இருக்கத்தானே செய்யும், அதுதான் முகக்கவசம் கொடுக்கிறோமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை.

காலையில் அவர் கணக்கு நோட்டை மூடிவிட்டு அறுக்கும் கூடத்துக்குப் போனார். வழக்கமாக வாசலோடு திரும்பிவிடுகிற ஆள். மைத்துனன் டீ குடிக்கப் போயிருந்தான். அவனுடைய முகக்கவசம் மிஷின்மேல் கிடந்தது, பிரட்டி, தட்டி, தயாராக. சிக்கனம் அதை எடுத்துத் தன் முகத்தில் மாட்டினார்.

ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தார். நாக்கில் மாவுபோல் ஏதோ ஒட்டியது. பல்லைக் கடித்தால் நறநறவென்றது. மூன்று நாள் வெளிப்பக்கம் படிந்த கல் தூசி முழுவதும் இப்போது உள்பக்கம், மூக்குக்கு நேராக இருந்தது. தட்டினால் பெரிய தூசிதான் உதிரும். கண்ணுக்குத் தெரியாதது துணியிலேயே தங்கியிருந்து, இழுக்கிற மூச்சோடு போகும். இது விளங்க அவருக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது. பதினான்கு பேரும் இதை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் அதைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். டீ குடித்துவிட்டு வந்த மைத்துனன் சிரித்தான்.

"என்ன மாமா, நம்ம வேலைக்கு வந்துட்டீங்களா?"

"மாப்ளே, இத இனிமே போடாத. வேலையும் பாக்காத. வீட்டுக்குப் போ."

"அரை நாள் சம்பளம் யாரு குடுப்பா? நீங்களா?" என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

சிக்கனம் நேராக ஸ்டோருக்குப் போய் அந்தப் பழைய தாளைத் தேடி எடுத்தார். 'ஆறு' என்ற இடத்தை அடித்துவிட்டு 'ஒன்று' என்று எழுதினார். முந்நூறு வேலை நாளுக்கு முந்நூறு கவசம், வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம். ரப்பர் அதே ஐயாயிரத்து நூறுதான். இரண்டாம் வருஷம் அதுவும் இல்லை, வடிகட்டிச் செலவு மட்டும். மாதவாரியாகப் போட்டுப் பார்த்தால் மூன்றாவது மாதமே ரப்பர் மலிவாகிவிட்டது. கடுகு போன இடம் ஆராய்ந்தவருக்குப் பூசணிக்காய் போன இடம் அன்றுதான் தெரிந்தது.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார்.

"அன்னைக்கு நீ வேற மாதிரி சொன்னியே."

"ஒரு மாஸ்க்கு ஆறு நாள் வரும்னு போட்டுட்டேன் முதலாளி. அது ஒரு நாளைக்குத்தான்."

"நான் எது நல்லதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். நீ எது மலிவுன்னு சொன்னே. அதையும் தப்பாச் சொல்லிருக்கே."

அன்று தானும் இரண்டாவது கேள்வி கேட்காமல் முதுகில் தட்டியதை முதலாளி மறந்துவிட்டார். மறப்பது முதலாளிகளுக்குச் சுலபம். ஆனால் கையெழுத்தை உடனே போட்டார். பதினான்கு ரப்பர் கவசம், வடிகட்டிகள், தேய்க்கும்போது தூசி எழாமல் தண்ணீர் விட மிஷினுக்கு ஒரு குழாய். சிக்கனத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சரிசெய்துவிட்டோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

சனிக்கிழமை மைத்துனனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்த பிறகு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் டாக்டரம்மா கூப்பிட்டார். அந்த அம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் மேல்பக்கம் காட்டினார். மழை தூறிய கண்ணாடிபோல் சின்னச் சின்னப் புள்ளிகள்.

"இதெல்லாம் கல்லுத் தூசி உக்காந்து ஆன தழும்பு. மாஸ்க் போடுற பழக்கமே இல்லையா?"

"ஒரு நாள் விடாமப் போட்டேன் டாக்டர்" என்றான் மைத்துனன். "மூணு நாள் இந்தப் பக்கம், மூணு நாள் அந்தப் பக்கம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பிரட்டிப் போட்டீங்களா? யாரு சொல்லிக் குடுத்தா இப்படி?"

மைத்துனன் மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லலை. நாங்களா அப்படிப் பழகிட்டோம்" என்றான்.

அந்தப் பொய்யைச் சிக்கனத்தால் தாங்க முடியவில்லை. "நான்தான் டாக்டர்" என்றார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வந்த தழும்பு போகாதுங்க. இவர் இன்னைக்கே தூசிய விட்டு விலகணும். விலகினாலும் இது அதிகமாகாதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. அங்க மொத்தம் எத்தனை பேர்?"

"பதினாலு."

"மத்த பதிமூணு பேரையும் திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க. எல்லாருக்கும் படம் எடுக்கணும்."

அந்தப் பதின்மூன்று முகங்களும் அவருக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொருவருக்கும் அவர் எடுத்த வகுப்பும் வந்தது.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். தம்பி படியேறினான். ஏழாவது படியில் நின்றான். இந்த முறை போன் பார்ப்பதுபோல் நடிக்கவில்லை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். அவன் மேலே போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சிக்கனம் எல்லாவற்றையும் சொன்னார். தாளையும், ஆறு என்ற எண்ணையும், டாக்டர் சொன்னதையும், அவன் தனக்காகச் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னார்.

அவள் அழவில்லை. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு மாடிப்படியையே பார்த்தாள்.

"ரப்பர் மாஸ்க் வாங்கியாச்சு" என்றார் அவர், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "கணக்குப் பாத்தா அதுதான் மலிவு."

"கணக்கு நல்லாத்தான் பாக்குறீங்க" என்றாள் அவள். "ஒரு மாஸ்க்கு எத்தனை நாள் வரும்னு பாத்தீங்க. அதைப் போடுற ஆளு எத்தனை நாள் வருவான்னு பாத்தீங்களா?"