பிடி இறுகும்போது

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கூட்டத்தில் அவன் ஆறு வருடமாக இருந்தான். கூட்டத்துக்குத் தலைவன் அவன் மனைவியின் அண்ணன். மூன்று மாதமாக, பீரோவின் ஒரு முனையைப் பிடித்துப் படியேறினால் அவனுக்குக் கண் இருட்டியது. இறக்கி வைத்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். அதனால்தான் யாரும் நம்பவில்லை. உடம்பு வணங்காதவன் என்று பெயர் வந்தது.

ஒருநாள் மூன்றாவது மாடிப் படியில் சலவை இயந்திரம் அவன் கையிலிருந்து நழுவி மச்சானின் கால் கட்டைவிரலை நசுக்கியது. வேண்டுமென்றே விட்டான் என்றான் மச்சான். வீட்டில் மனைவிக்கு, மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. கடைசியில் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒருவனுக்கு விரல், இன்னொருவனுக்கு மயக்கம்.

படுத்திருக்கும்போது அவன் ரத்த அழுத்தம் நூற்றுப் பதினெட்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டரம்மா ஒரு கைப்பிடிக் கருவியைக் கொண்டுவந்தாள். பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போட்டு மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க முதலில் மச்சானைப் படுக்க வைத்தாள். அவனுக்கு நூற்று இருபத்தைந்தில் தொடங்கி நூற்று ஐம்பதைத் தாண்டியது.

அடுத்து இவன். முதல் நிமிடம் நூற்றைந்து. இரண்டாவது நிமிடம் எண்பத்தெட்டு. உதடு வெளுத்தது, நெற்றி வியர்த்தது. பிடியை மட்டும் விடவில்லை. டாக்டர்தான் விரல்களைப் பிரித்துக் கருவியை எடுத்தாள்.

மச்சான் அழுத்தம் காட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஏறுச்சு. இவனுக்கு ஏன் எறங்குது?"

"கை இறுகினா, ரத்தம் வேணும்னு அங்கேருந்து மூளைத்தண்டுக்குச் சேதி போகும். அது மத்த எடத்து ரத்தக்குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏத்திவிடும். இவருக்குச் சேதி போயும் அங்க வேலை நடக்கல. கை மட்டும் ரத்தத்தை இழுத்துக்குது, அதான் எறங்குது."

"அப்ப நடிக்கல."

"நடிச்சு இதை எறக்க முடியாதுங்க."

ஸ்கேனில் காரணம் தெரிந்தது. மூளைத்தண்டின் அடிப்பகுதியைக் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி நெருக்கிக்கொண்டிருந்தது. புற்று இல்லை. அறுவை சிகிச்சை ஏழு மணி நேரம் நடந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டியபடி மச்சான் வெளியே பெஞ்சில் கிடந்தான். சாப்பிட வா என்று தங்கை இரண்டு முறை கூப்பிட்டும் எழவில்லை.

அறுவைக்குப் பிறகு ஒரு மாதம் அவனுக்குக் குரல் கம்மியிருந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. நான்கு மாதம் கழித்து மறுபடி கைப்பிடியை அழுத்தினான். நூற்றுப் பதினாறிலிருந்து நூற்று இருபத்தொன்பது. இறங்கவில்லை, ஆனால் இது போதாது, கனம் தூக்கக்கூடாது என்றாள் டாக்டர். கண்ணாடிச் சாமான்களைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்கு மாறினான்.

மச்சான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்காரம்மா, அந்த ஆள் மட்டும் ஏன் எதையும் தூக்குவதில்லை என்று மச்சானிடம் கேட்டாள்.

"அவரால முடியாதும்மா," என்றான். பிறகு சோபாவின் முனையைப் பிடித்துக்கொண்டே, "முடியாதப்பவும் மூணு மாசம் தூக்கினாரு," என்றான்.