சாள்ஸ் வெட்டாத மரங்கள்

எனக்கு மூக்கு கூர்மை. எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். லயத்தின் அந்தக் கடைசி அறை, தொங்கல் காம்பராவில் கருவாடு பொரித்தால், அது என்ன கருவாடு என்று இந்தப் பக்கத்துக் காம்பராவில் இருந்தபடியே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் சாள்ஸ் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் வெற்றிலை போட்டுப் பார்த்தார், கொய்யா இலையை மென்று பார்த்தார், பற்பசையைத் தின்றுகூடப் பார்த்தார். வாசலில் கால் வைக்கும்போதே பிடித்துவிடுவேன். கடைசியில் மாதா சொரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றிச் சத்தியம் பண்ணினார். அதற்குப் பிறகு தொடவில்லை என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த வருடம் எங்கள் மகள் ஸ்டெபானிக்கு ஓ.எல். பரீட்சை. என் பக்கத்திலும் சரி, அவர் பக்கத்திலும் சரி, யாரும் அதுவரைக்கும் படித்ததில்லை. அவள் எழுதி முடிக்கும் மட்டும் வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் வரக்கூடாது என்று வாயைக் கட்டி வைத்திருந்தேன். என் வாயைக் கட்டுவது லேசான காரியம் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் பவுடர் டின் மளமளவென்று காலியாகத் தொடங்கியது. நான் பவுடர் பூசுவது நத்தார் பண்டிகைக்கும் கோயில் திருநாளுக்கும் மட்டும். ஸ்டெபானி காலையில் முகத்தில் லேசாகத் தொட்டுக்கொள்வாள். மிச்சப் பவுடர் எங்கே போகிறது? அடுத்தது சாள்ஸின் நகம். ரப்பர் பால் வெட்டுகிறவனின் நகக்கண்ணில் காய்ந்த பால் கறுப்பாக அப்பிக்கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட அது போகாது. சாள்ஸின் நகம் வார நாளில் மாப்பிள்ளை நகம்போலப் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் போய் முகர்ந்தேன். சாராயம் இல்லை. மண்ணெண்ணெய் வாடை மட்டும் இருந்தது. எதையோ தேய்த்துக் கழுவியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

கேட்டுவிடலாம்தான். பிள்ளை அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கேட்டால் நான் கத்துவேன், அவர் வெளியே போவார், போனால் குடிப்பார். பிறகு அவள் படிப்பு என்னாவது?

ஐப்பசி மழை வேறு விடாமல் அடித்தது. மழைக்காலத்தில் துணி காய வைப்பதே பெரும் பாடு. குசினியில் அடுப்புக்கு மேலே கொடி கட்டி, ஸ்டெபானியின் வெள்ளைச் சீருடையை அன்றாடம் துவைத்து அதில்தான் போடுவேன். கொடிக்குக் கீழே மூலையில் ஒட்டுப்பால் சாக்கு இருக்கும். மரத்துக் கீறலிலும் சிரட்டையிலும் காய்ந்து போகிற பாலை உரித்துச் சேர்ப்பதுதான் ஒட்டுப்பால். தோட்டத்தில் அதைச் சனிக்கிழமைதான் எடுப்பார்கள். வெளியே வைத்தால் நனைந்துவிடும், இல்லாவிட்டால் எவனாவது தூக்கிவிடுவான். சவர்க்காரத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. எங்கள் பிள்ளையின் சீருடை மாதிரி வெள்ளை அந்த பஸ்ஸிலேயே இருக்காது.

நான் சொல்ல வந்த அன்றைக்கும் ராத்திரி முழுக்க மழை. விடிந்ததும் வானம் வெளித்துவிட்டது. மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்ட முடியாது, பால் கீறலில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும். பட்டை காயும் வரை எல்லாரும் காத்திருந்து, பிந்தித்தான் மலைக்குப் போனோம். நான் மேல் மலை, சாள்ஸ் கீழ் மலை. நான் பாதி மரம் வெட்டிவிட்டு, கத்தி தீட்டும் கல்லை அவரிடம் வாங்கலாம் என்று கீழே இறங்கினேன். கல் ஒரு சாக்குத்தான், என் மனசு அந்த நகத்தில்தான் இருந்தது.

கீழ் மலையில் அவருடைய முதல் மரத்தைப் பார்த்தேன். சிரட்டை கவிழ்ந்தபடி கிடந்தது. கீறலில் முந்தாநாள் வெட்டின பால் காய்ந்து, உரிக்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரமும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. வரிசை முழுக்க ஒரு மரத்திலும் கத்தி படவில்லை.

அந்த மலைக்குக் கங்காணி ஐயாவு. என்னைக் கண்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

“என்னா ஜெனிற்றா, எந்திரிச்சு வந்துட்டியா? ஒனக்குக் கடுங்காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு சொல்லித்தானே சாள்ஸ் லீவு கேட்டுட்டுப் போனான்?”

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. ஆனாலும் கட்டினவரை மலையில் வைத்துக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

“இப்பதான் கொறைஞ்சிச்சுங்க” என்றேன்.

“போன வாரம் வயித்துவலின்னான், அதுக்கு முந்தி தலைச்சுத்துன்னான். ஒடம்பப் பாத்துக்க புள்ள.”

என் உடம்புக்கு என்னென்ன வந்து போனது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பக்கத்து மரங்களில் வெட்டிக்கொண்டிருந்த தெரேசம்மா அக்காவிடம் என் பாலையும் சேர்த்து எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். சாள்ஸ் பூசைக்குப் போடும் நீலச் சட்டை ஆணியில் இல்லை. கொடியில் கிடந்த நல்ல சேலையை உருவிக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினேன். எங்கள் ரோட்டில் ஓடுவது வரக்காப்பொல டவுனுக்குப் போகும் பஸ் ஒன்றுதான். மனிதர் வேறு எங்கேயும் போயிருக்க முடியாது.

பஸ்ஸில் சனம் நெரிந்தது. ஆனால் என் பக்கத்து ஸீட் மட்டும் காலியாகவே வந்தது. ஒரு அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தில் இருந்த கோபம் அப்படி.

வரக்காப்பொலையில் இறங்கி முதலில் பார் பக்கம் போனேன். கதவு இன்னும் திறக்கவில்லை. அப்படியானால் குடி இல்லை. குடி இல்லை என்றால்? பவுடர், பூசைச் சட்டை, கழுவின நகம். அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது நடுரோட்டில் எனக்கு அழுகை வந்தது. குடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். அப்படி நினைக்க வைத்தாரே என்றுதான் கோபம் இன்னும் ஏறியது.

சந்தைக்குப் பின்பக்கத் தெருவில் ஆளைக் கண்டேன். ஒரு கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்த குடைகளுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, எதிர்ப்பக்கத்துத் தையல் கடையை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் பூப்போட்ட திரை. உள்ளே ஒரு பொம்பளை சிரிக்கும் சத்தம்.

“நல்லா இருக்குங்க” என்றேன், பின்னால் போய் நின்று. “பொண்டாட்டி கடுங்காய்ச்சல்ல கெடக்கா. நீங்க இங்க பூத்திரை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க.”

மனிதர் துள்ளி விழுந்ததில் இரண்டு குடை கீழே விழுந்தது.

“சத்தம் போடாத ஜெனிற்றா” என்றார், கையெடுத்துக் கும்பிடாத குறையாக. “புள்ள உள்ள இருக்கா.”

“எந்தப் புள்ள?”

“நம்ம புள்ளதான். ஸ்டெபானி.”

அவர் குடைகளை எடுத்து மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். பஸ் கண்டக்டர்தான் அவரிடம் முதலில் சொன்னானாம். உங்கள் மகள் சில நாளில் ஸ்கூல் பஸ் ஹோல்ட்டில் இறங்குவதில்லை, டவுனுக்கு வந்துவிடுகிறாள் என்று. சாள்ஸ் லீவு போட்டுவிட்டு, நகத்தைத் தேய்த்துக் கழுவி, நல்ல சட்டை போட்டு அவளைத் தேடி டவுனுக்கு வந்தது அதற்காகத்தான். இரண்டு தடவை சந்தைச் சனத்தில் தவற விட்டுவிட்டார். இன்றைக்குத்தான் அவள் இந்தத் திரைக்குள் நுழைந்ததைக் கண்டிருக்கிறார்.

“மழ பெஞ்ச மறுநாள் மட்டுந்தான் வாறாளாம். யோசிச்சுப் பாரு. மழ பெஞ்சா காலையில யாருக்கு வேல இல்ல? பால் வெட்டுறவனுக்குத்தான். நம்ம தோட்டத்துப் பயல் எவனோ ஒருத்தன். யாரு யாரு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு வரலன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் வாறேன்.”

“நீங்கதான் வரல” என்றேன். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா லயம் பூரா தெரிஞ்சிரும். அப்பறம் புள்ள ஸ்கூலுக்குப் போகுமா, ரோட்டுலதான் நடக்குமா?”

பவுடர் கணக்கு இப்போது வேறு மாதிரி கூடியது. பூசினது அவள். எவனுக்காகவோ பூசியிருக்கிறாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நான் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவர் பின்னால் வந்தார்.

உள்ளே தையல் மெஷினில் ஒரு நடுவயது முஸ்லிம் அம்மா இருந்தார். சித்தி மரியம் என்பது முழுப்பெயர், டவுனில் எல்லோரும் அக்கா முறை வைத்து மரியம் ராத்தா என்பார்கள். ஸ்டெபானி யாருடையதோ ஒரு கவுனைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். மரியம் ராத்தா எங்களை மேலும் கீழும் பார்த்தார். “வாங்கொ, உக்காருங்கொ” என்றார். உடனே எழுந்து போய்ப் பின்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டார்.

எனக்குப் போதாதா? உள்ளே இருந்தவனை வெளியே விடுகிறாள் என்று ஜன்னலுக்குப் பாய்ந்தேன். வெளியே அழுக்குத் தண்ணி ஓடும் ஒரு கானும் வாழை மரமும்தான் இருந்தன. 

“எங்கடி அவன்?” என்று கையை ஓங்கினேன்.

“எவன்மா?”

“மழைக்கு மழை வாறவன்!”

அவள் அழத் தொடங்கினாள். மரியம் ராத்தா எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். “தங்கச்சி, அடிச்சிறாதீங்க. புள்ள கெட்ட வேல ஒண்டும் செய்யல்ல. எண்ட மகளோட ஒரே வகுப்பு. ஒரு நாள் கடை வாசல்ல அழுதுட்டு நிண்டா, உள்ளுக்குக் கூப்பிட்டேன். ஊட்டுல செல்லுங்க மகள்னு நானும் செல்லாத நாளில்ல.”

“என்னத்தச் சொல்லணும்?” என்றார் சாள்ஸ்.

ஸ்டெபானி தலையைத் தூக்கவில்லை. “வாடை அடிக்குதுப்பா.”

“என்னா வாடை?”

“ஒட்டுப்பால் வாடை. யூனிபோர்ம்ல. வெளிய காஞ்சா அவ்வளவு இல்ல. மழன்னா அம்மா குசினியில போடுறாங்கல்ல, அந்தச் சாக்குக்கு மேல. பவுடர் கொட்டினாலும் போகுதில்ல.”

“எவ சொன்னா?” என்று சீறினேன். “பேரச் சொல்லு. நான் வந்து கேக்குறேன்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. ரிஸ்னா எனக்கு ஃபிரெண்டுதான். நான் பக்கத்துல வந்து உக்காந்தா அவ கிளாஸ் ஜன்னலத் திறப்பா, அவ்வளவுதான். மழ சாரல் அடிச்சாலும் திறப்பா. புத்தகம் நனைஞ்சாலும் மூட மாட்டா.”

ரிஸ்னா மரியம் ராத்தாவின் மகள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா நூல்கண்டை எடுத்து இல்லாத சிக்கை எடுக்கத் தொடங்கினார்.

மூலையில் மின்விசிறிக்குக் கீழே சீருடை தொங்கியது. நான் போய் எடுத்தேன். என் கையால் துவைத்தது. மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தேன். சவர்க்காரம். பவுடர். காலரில் முகர்ந்தேன், கைமடிப்பில் முகர்ந்தேன், உள்ளே புரட்டிப் பார்த்தேன். எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

“நல்லாத்தானே இருக்கு” என்று சாள்ஸிடம் நீட்டினேன். அவர் முகத்தைப் புதைத்து முகர்ந்தார். தலையை ஆட்டினார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நிமிடம் எனக்குச் சந்தேகம் திரும்பவும் வந்தது. பிள்ளை பொய் சொல்கிறாளோ, இந்த அம்மாவும் சேர்ந்து மறைக்கிறாளோ என்று. அதனால் நேராகவே கேட்டேன். “ராத்தா, உண்மையச் சொல்லுங்க. இதுல வாடை அடிக்குதா?”

மரியம் ராத்தா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதுல பெரிசா இல்ல தங்கச்சி” என்றார் மெதுவாக.

அதுல. அவர் சொன்னது அவ்வளவுதான். எனக்கு பஸ்ஸில் எழுந்து போன அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். நான் கட்டியிருந்த சேலையைப் பார்த்தேன். அதுவும் அந்தக் கொடியில் கிடந்ததுதான்.

பிள்ளையை அடிக்க ஓங்கின கையால் அவள் தலையைத் தொடலாம் என்று போனேன். பாதியில் நின்றுவிட்டேன். 

“இன்னிக்கே அந்தச் சாக்க வெளிய தூக்குறேன்” என்றார் சாள்ஸ். “நனையட்டும். களவு போகட்டும். நாளைக்கு ஸ்கூலுக்குப் போவியாம்மா?”

ஸ்டெபானி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “மழ பெய்யாட்டிப் போறேன்பா.”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, தகரக் கூரையில் மழை சடசடவென்று விழத் தொடங்கியது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, தைத்து மடித்து வைத்திருந்த துணிகளில் தெறித்தது. மரியம் ராத்தா துணிகளை அவசரமாக வாரி மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது.

அவர் அதை மூடவில்லை.

நான் போய் வாசலில், திரைக்கு வெளியே நின்றுகொண்டேன்.

“நனையிறீங்கம்மா, உள்ள வாங்க” என்றாள் ஸ்டெபானி.

“இருக்கட்டும்” என்றேன். “நீ ஜன்னல மூடு.”