சம்பந்திக்குக் கதவு எங்கே?

1

இந்தக் கதையைக் கேட்டது பத்திரிகை ஆசிரியர் அல்ல, என் மனைவி. கதை என்றுகூட அவள் சொல்லவில்லை. "ஒரே ஒரு பக்கம் வரலாறு எழுதிக் குடுங்க, போதும்" என்றாள்.

எதன் வரலாறு? ஒரு விமானத்தினுடையது.

எந்த விமானம்? அங்கேதான் சிக்கல். அப்படி ஒரு விமானம் உலகத்தில் எங்கேயும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே முக்கால். மாடல் விமானக் கழகத்தின் கண்காட்சிக்குப் பதிவு பத்து மணிக்கு முடிகிறது. கழகம் எங்கள் தெருக்கோடியில். பக்கம் இன்னும் வெள்ளை. வெள்ளைத் தாளைப் பார்த்தால் எனக்கு உண்மையைக் கொட்டிவிடும் கெட்ட பழக்கம் உண்டு. திகில் தொடர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஆகவே ஆகாது. வரலாற்றுக்குப் பதிலாக நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

முதலில் விமானத்தைப் பாருங்கள். சாப்பாட்டு மேஜையில், மடித்த துண்டின் மேல், ஒரு முழ நீளத்துக்கு நிற்கிறது. உடம்பு, கடையில் பாகங்களாக விற்கிற ஒரு பயணிகள் விமான மாடல் பெட்டியிலிருந்து வந்தது. இறக்கைகள் குண்டுவீச்சு விமானம். மூக்கும் முன்கண்ணாடியும் சரக்கு விமானம். வால் ஹெலிகாப்டர். சக்கரங்கள் டிராக்டர். இறங்கும்போது எரிய வேண்டிய முன்விளக்கு, ஒரு வெட்டுப்பல்.

பல் எப்படி வந்தது என்றால், என் மனைவியின் தொழில் அது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் லேபில் உட்கார்ந்து பல் செட் செய்வாள். ஹெலிகாப்டர் வாலுக்கும் பயணிகள் உடம்புக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதை ஈறு செய்யும் ரோஸ் நிற அக்ரிலிக்கால் நிரப்பி, தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்துவிட்டாள். வண்ணம் காய்வதற்கு முன் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். சிரிக்கத் தயாராகும் விமானம்.

பெயர், 'சம்பந்தி'. "ஒத்தே போகாத ஆறு குடும்பத்தைப் புடிச்சு ஒட்டி வெச்சிருக்கேன். வேற என்ன பேரு வெக்கறது?"

2

இல்லாத விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். என் அப்பாவினால்.

அப்பா விமானப் பராமரிப்பில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். இப்போது கழகத்தின் பரிசோதகர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மாடல் கண்காட்சி மேஜை ஏறும். கழகத்தில் அவருக்கு 'ரிவெட்' என்று பட்டப்பெயர். இறக்கைத் தகட்டில் ரிவெட் ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். எண்ணி முடித்து, மறுபக்கத்தையும் எண்ணுவார்.

மூன்று வருடமாக மருமகளின் மாடல்களை நிராகரித்து வருகிறார். முதல் வருடம், ஆன்டெனா இரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி இருந்தது. இரண்டாம் வருடம், சாம்பல் நிறம் சரியான சாம்பல் இல்லை. மூன்றாம் வருடம், "அந்த வருஷத்துல அந்த விமானத்துக்கு இந்த டயர் கிடையாது."

எல்லாம் முறைப்படி. நிராகரிப்புக் கடிதத்தை வீட்டில் கையில் கொடுக்க மாட்டார். கழகத்திலிருந்து தபாலில் அனுப்புவார். தபால்காரர் வருவார். அப்பாவே கதவைத் திறந்து, வாங்கி, உள்ளே கொண்டுவந்து நீட்டுவார். "அம்மாடி, உனக்கு ஏதோ லெட்டர்."

மூன்றாவது லெட்டர் வந்த அன்று அவள் கழக விதிப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தாள். 'வரலாற்றுக் குறிப்பு ஒரு பக்கம் இணைக்க வேண்டும்' என்று இருந்தது. அந்த விமானம் நிஜமாக இருந்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

"இல்லாத விமானத்துல என்ன தப்பு கண்டுபிடிப்பாரு உங்கப்பா?" என்றாள். கண் மின்னியது. "இதுவும் மேஜை ஏறலன்னா, சத்தியமா, அத்தனை பெட்டியையும் தூக்கிக் குடுத்துட்டு இனி பசை டியூப்பைத் தொடமாட்டேன்."

சொன்னால் செய்வாள். ஆகவே இந்தப் பக்கம்.

3

தொடக்கம் ஒன்று:

பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சம்பந்தி தாழ இறங்கியபோது அதன் வயிற்றில் இருந்தது சரக்கு அல்ல. அது ஒரு—

ஒரு என்ன? தெரியாது. வாரப் பத்திரிகை என்றால் தெரிய வேண்டிய அவசியமில்லை, ஏழு நாள் இருக்கிறது. இங்கே இரண்டு மணி நேரம்.

தொடக்கம் இரண்டு:

சம்பந்தியை வடிவமைத்தவர் காணாமல் போன அன்று அவர் மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றின் விளிம்பில் மட்டும் உதட்டுச்சாயம்.*

"யாரு அந்த உதட்டுச்சாயம்?" தோளுக்குப் பின்னாலிருந்து மனைவி.

"போகப் போகத் தெரியும்."

"வரலாத்துல போகப் போக எல்லாம் கிடையாதுங்க. தேதி, இன்ஜின், எடை. எழுதுங்க."

தொடக்கம் மூன்று:

எடை:

(இத்துடன் நின்றது.)

* உதட்டுச்சாயம் என்னுடைய நான்கு தொடர்களில் ஏற்கெனவே வந்திருக்கிறது. பனிமூட்டம் ஏழில். நானும் பழைய பெட்டிகளைக் கொட்டித் தேடித்தான் புதுசு கட்டுகிறேன். கணவனும் மனைவியும் ஒரே தொழில் என்று இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி உங்களை அசத்தப் பார்த்தேன். அவள் படித்துவிட்டு, "நான் ஒட்டுன இடத்தைத் தேய்ச்சு மறைச்சிருக்கேன். நீங்க மறைச்சீங்களா?" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.

4

விமானம் என்றால் ஒரு விமானி வேண்டுமே. இருக்கிறார். குண்டுவீச்சுப் பெட்டியோடு வந்தவர், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவர். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒற்றை முடித் தூரிகையால் அவருக்குப் புருவம் போட்டிருக்கிறாள்.

நான் அவருக்கு ஓர் இருண்ட கடந்தகாலம் கொடுத்தேன். இரட்டைப் பிறவித் தம்பி ஒருவன். கன்னத்தில் தழும்பு.

"தழும்பு வரைய இடமில்ல," என்றாள். "தம்பி வேண்டாம். முதுகு வலி இருக்கட்டும். பாவம், வந்ததுலேர்ந்து உக்காந்தே இருக்காரு."

முதுகு வலியுள்ள நாயகனை வைத்து நான் இதுவரை எழுதியதில்லை. ஓடித் துரத்த முடியாது, குதிக்க முடியாது. ஆனால் முதுகு வலி வந்ததும் எனக்கு அந்த ஆளைத் தெரிந்துவிட்டது. இருக்கையில் ஒரு சின்னத் தலையணை வைத்திருப்பார். தரை இறங்கியதும் முதல் காரியமாக எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, பின்னால் வளைவார். (வளைந்து "அம்மாடியோவ்" என்பார். இது வரலாற்றில் வராது.)

இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் மறந்துவிடுவீர்கள்.

5

எட்டரை. அப்பா வந்தார்.

வீட்டில் பரிசோதிப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. "எல்லாம் கழகத்துலதான்" என்றபடி காபியோடு மேஜையில் உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். எதிரே சம்பந்தி.

தாள் அரை அங்குலம் தாழ்ந்தது. ஏறியது. மறுபடி தாழ்ந்தது. இந்த முறை ஏறவில்லை.

"டேய், அந்த டார்ச்சை எடு. சும்மா பாக்கறேன். இது பரிசோதனை இல்ல."

சும்மா, இருபது நிமிடம். பூதக்கண்ணாடி வந்தது. ஸ்கேல் வந்தது. மனைவி குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, அதன் கதவுக்குப் பின்னால் நின்று, எதையும் எடுக்காமல், பக்கத்தில் நின்ற என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"இந்த ரிவெட் வரிசை கோணலா இருக்கேம்மா."

"அந்த விமானத்துல அப்படித்தான் மாமா."

"டயர் இவ்ளோ பெருசா?"

"அந்த வருஷம் அதான் போட்டாங்க மாமா."

"வால் ஹெலிகாப்டரோடது."

"ஆமா மாமா. சம்பந்திக்கு அதான் விசேஷமே."

அப்பா ஸ்கேலை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படம் இல்லை. என் முழங்கைக் கிள்ளல் இனித்தது. நான் மனசுக்குள் 'முற்றும்' போட்டே விட்டேன்.

டார்ச் வெளிச்சம் முன்கண்ணாடியில் நின்றது. விமானியின் புருவத்தில்.

"ஏம்மா. இவர் எப்படி உள்ள போனாரு?"

6

கதவு இல்லை.

பயணிகள் உடம்பு வந்த பெட்டி சின்ன அளவு. அதிலிருந்த கதவு நம் விமானியின் முழங்கால் உயரம்தான். அதை அடைத்துவிட்டுப் புதுசாகப் பெரிய கதவு வெட்டுவது என்று திட்டம். அதே ஈறு அக்ரிலிக்கால் அடைத்தாள். என்ன அழகாக அடைத்தாள்! தேய்த்த தேய்ப்பில் இருந்த இடமே தெரியவில்லை. அந்த மயக்கத்தில் வண்ணமும் அடித்துவிட்டாள். பொந்து தெரிந்தால் நிரப்புவது கைப்பழக்கம். நிரப்பியதைத் தோண்டுகிற பழக்கம் அவள் லேபில் யாருக்குமே கிடையாது.

குளிர்பதனப் பெட்டியின் கதவு மெல்ல மூடியது.

என் தொடர்களில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கதவுக்கு வந்ததில்லை. இருபத்தாறு வருடமாக வாரம் ஒரு கதவைத் திறந்து, அங்கே நின்றவரைப் பார்த்து நாயகி வீறிட, தொடரும் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டில், கதவே இல்லாத ஒரு விமானம்.

ஒரு வழி தோன்றியது. எழுத்தாளன் எதற்கு இருக்கிறான்?

"அப்பா, வரலாத்துல இருக்கு. அந்த விமானத்தை விமானியை உக்கார வெச்சு, அவரைச் சுத்தித்தான் கட்டினாங்க."

அப்பா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "சரி. எறங்கறது?"

முடிவு (அ): அவர் இறங்கவே இல்லை. பறந்துகொண்டே—

"ஐயோ!" மனைவி. "முதுகு வலிக்காரரைப் போய்! அழிங்க மொதல்ல."

முடிவு (ஆ): மருமகளின் முகத்தைப் பார்த்த பரிசோதகரின் கண்கள் பனித்தன. அவர் பேனாவை எடுத்து—

அப்பா எட்டிப் படித்துவிட்டார். "எனக்கு எப்படா கண்ணு பனிச்சுது? கதவு இல்லாம நான் கையெழுத்துப் போட்டா, உள்ள இருக்கறவனுக்கு யாரு பதில் சொல்றது?"

"அவர் பிளாஸ்டிக், அப்பா."

"உள்ள உக்காந்திருக்கான்ல?"

முடிவு (இ): பெட்டிகள் எல்லாம் யாருக்கோ போகின்றன. அலமாரி காலியாகிறது. சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு மட்டும் இருக்கிறது. இதை நான் முழுசாகவே எழுதிவிட்டேன், நன்றாகவும் வந்திருந்தது. அதனாலேயே பிடிக்கவில்லை, கிழித்துவிட்டேன்.

7

ஒன்பது இருபது. இனி நடப்பதை நான் கட்டவில்லை. கண்ணெதிரே நடக்கிறது, அப்படியே தட்டச்சில் அடிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனைவி தன் டிரில்லை எடுத்துவந்துவிட்டாள். பல் குடையும் நுனி, ஊசி போல. உடம்பின் சுவர் நகத்தளவு கனம்கூட இல்லை; நடுவில் ஈறு அக்ரிலிக். கை ஒரு நூல் பிசகினால் இறக்கை வரை விரிசல் ஓடும். வண்ணம் அடித்து முடித்த விமானத்தில் கழகத்தில் யாருமே இதைச் செய்ய மாட்டார்கள்.

"வெட்டிடறேன்," என்றாள். "உடைஞ்சா உடையட்டும்."

"நில்லு, நில்லு. எங்கம்மா வெட்டப் போற?"

"இங்க. பழைய கதவு இருந்த எடத்துல."

"அங்க வெட்டுனா இறக்கை பாரம் தாங்குமா? உள்ள விலா எலும்பு மாதிரி சட்டம் ஓடற எடம் அது." அப்பா காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். வெள்ளி உடம்பில் இரண்டு விரலை வைத்து அளந்தார். "இங்க ஒரு சட்டம். இங்க ஒண்ணு. நடுவுல வெட்டணும்."

அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த உடம்புக்குள் ஒரு சட்டமும் இல்லை. வெறும் பிளாஸ்டிக் குழாய். இல்லாத விமானத்தின் இல்லாத எலும்புகளுக்கு நடுவே, என் அப்பா, ரிவெட், பென்சிலால் ஒரு கதவு வரைந்துகொண்டிருக்கிறார். நாலு மூலையையும் வளைத்து வரைகிறார். "மூலை கூரா இருந்தா அங்கேர்ந்துதான் விரிசல் ஓடும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்து, இருவரும் கீழே பார்த்துக்கொண்டோம்.

"நான் புடிச்சுக்கறேன். நீ வெட்டும்மா. மூச்சை இழுத்துப் புடிச்சுக்க."

"நீங்க ஆட்டாதீங்க மாமா."

"நான் எங்கடி ஆட்டறேன்? உன் கைதான் ஆடுது."

'டி' போட்டுவிட்டார். அவள் கல்யாணமாகி வந்த பதினாறு வருடத்தில் முதல் டி. அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. காது மட்டும் சிவந்திருக்கிறது.

டிரில் சுழல்கிறது. நுனி கோட்டைத் தொடப்போகிறது—

"இரு!"

நுனி கோட்டுக்கு ஒரு நூல் முன்னால் நின்றது, சுழன்றபடியே.

"கதவு உள்பக்கம் திறக்குதா, வெளிப்பக்கமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"எப்படி ஒண்ணு? ரொம்ப உயரத்துல பறந்தா உள்ள காத்தழுத்தம் இருக்கும். கதவு உள்பக்கத்துலேர்ந்து வந்து அடைச்சுக்கணும், ஓரத்தைச் சாய்ச்சு வெட்டணும். மேகத்துக்குக் கீழேயே பறக்குதுன்னா நேரா வெட்டிடலாம், வெளிய தள்ளித் திறந்துக்குவான். வெட்டுனப்பறம் மாத்த முடியாது. எவ்ளோ உயரம் பறக்கும் இது?"

"அது வரலாத்துல இருக்கும் மாமா."

இருவரும் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். மூன்று வருடமாக மேஜையின் இரண்டு பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தவர்கள், இப்போது ஒரே பக்கத்தில், ஒரே விமானத்தை மூன்று கையால் பிடித்துக்கொண்டு, நான்காவதில் டிரில். மூச்சைக்கூட விடவில்லை.

ஒன்பது முப்பத்தைந்து. வரலாற்றுத் தாளில் இதுவரை இருப்பது ஒரே ஒரு வார்த்தை, எடை. உயரம் என்று எழுதி அதற்கு எதிரே என்ன போட்டாலும் அது உண்மையாகிவிடும். அதன்படி அவள் வெட்டுவாள், அதன்படி அவர் கையெழுத்துப் போடுவார், அல்லது அதன்படி உடையும். இவ்வளவு பெரிய வார்த்தையை நான் எழுதியதே இல்லை. விரல்கள் விசைமேல் நிற்கின்றன, அசைய மாட்டேன் என்கின்றன.

உங்களுக்கு அந்த விமானியைத் தெரியும். முதுகு வலியையும் தெரியும். மேகத்துக்கு மேலேயா, கீழேயா? சட்டென்று சொல்லுங்கள். டிரில் சுழன்றுகொண்டே இருக்கிறது.

உயரம்: