கம்பெனிப் பச்சை

டேஷ்போர்டுக்கு அடியில் கம்பெனிக்காரன் அடித்த பச்சையைக் கண்டுபிடித்த அன்று காலையிலிருந்து பெயின்டரால் அந்தக் காரைவிட்டு இறங்க முடியவில்லை. கதவெல்லாம் நன்றாகத்தான் திறந்தது. வலது கதவு வழியாக வெளியே வைத்த கால், இடது கதவு வழியாக உள்ளே வந்தது. ஜன்னலில் நழுவிப் பார்த்தார். பின்சீட்டில் போய் விழுந்தார். கையை நீட்டலாம், தலையை நீட்டிக் காற்று வாங்கலாம். ஆள் முழுசாகப் போகத்தான் வழியில்லை.

வண்டி பல் டாக்டருடையது. கைமாறிய இடத்திலெல்லாம் ஆளாளுக்கு ஒரு வண்ணம் பூசி, அது பிறந்தபோது என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாமல் போயிருந்தது. கண்ணுக்குப் படாத இடம்கூடக் கம்பெனி விட்ட மாதிரியே இருக்க வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. வெளியே பளபளப்பு, சீட்டுக்கு அடியில் மங்கல், டேஷ்போர்டின் முதுகில் அவசரத்தில் வழிந்த ஒரு சொட்டு என்றால், அந்தச் சொட்டும் அப்படியே இருக்க வேண்டும். வழிந்த பெயின்ட்டைக் கண்டால் உப்புத்தாளை எடுக்காமல் கை நிற்காத பெயின்டர், பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒத்துக்கொண்டிருந்தார்.

பெயின்டரின் மனைவி முதலில் நம்பவில்லை. வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். இருவரும் போய் இருப்பதாகப் பேச்சு. இது இவர் கண்டுபிடித்த புதுச் சாக்கு என்றே நினைத்தார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, எதிர்க் கதவு வழியாக அவர் மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்ததைக் கண்ணால் கண்டபிறகுதான் ஷெட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேலை முடியட்டும், வேலை முடியட்டும்னே சொன்னீங்க. இப்ப வேலைக்குள்ளயே போய் உக்காந்துட்டீங்க."

மெக்கானிக்கான மச்சினன் கூரையை வெட்டலாம் என்றான். டாக்டர் பதறிப்போனார்.

"ஒரு ஆளை இறக்கறதுக்காக வண்டிய வெட்டுவாங்களா?"

"வண்டிக்காக ஆள வெட்டச் சொல்லலியே, அந்த மட்டும் சந்தோஷம்" என்றார் மனைவி.

கதவுகளையும் கண்ணாடிகளையும் கழற்றினார்கள். வெறும் கூடாக நின்ற வண்டியிலிருந்தும் பெயின்டரால் இறங்க முடியவில்லை. சாப்பாடு ஜன்னல் வழியாக வந்தது. மற்ற அவசரங்களுக்குக் கம்பெனியே தரையில் ரப்பர் மூடி போட்ட துளை ஒன்று விட்டிருந்ததால், அதில் டாக்டருக்கும் ஆட்சேபம் இல்லை.

நாள் நெருங்கியதும் மனைவி பெட்டியோடு வந்து நின்றார். "நான் போறேங்க. அவ தனியா கிடக்கா." பெயின்டர் தலையாட்டினார். ஷட்டர்வரை போனவர் திரும்பி வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு பெயின்டருக்கு அந்தப் பச்சைதான் உலகம். கூரைத் துணியை உரித்தார். கதவு இடுக்கையெல்லாம் சுரண்டினார். மச்சினன் பானெட்டையும் மட்கார்டையும் கழற்றி ஜன்னலருகே பிடிக்க, கையை நீட்டித் தேய்த்தார், அடித்தார். ஆத்திரம் வந்தபோது ஹாரன் பொத்தானே இல்லாத ஸ்டியரிங் நடுவில் குத்தினார். கால் நீட்டிப் படுக்க முடியாமல் முட்டி மடங்கியபடியே இறுகிப்போனது. பேத்தி பிறந்த சேதி வந்த அன்று உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை ஸ்டியரிங்கில் புதைத்துக்கொண்டார். அன்று வேலை நடக்கவில்லை.

எல்லாம் முடிந்து, கழற்றியதையெல்லாம் மாட்டி, எஞ்சினும் ஏறியபின் டாக்டர் வந்தார். பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை ஜன்னல் வழியாக நீட்டி, டேஷ்போர்டின் முதுகு முழுவதையும் பார்த்தார். அந்தச் சொட்டு இருந்தது. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. ஆனால் உள்ளே ஏறத் தைரியம் வரவில்லை; அந்த வண்டியில் ஏற யாருக்குமே தைரியம் இல்லை.

"வண்டி உங்களுது டாக்டர். நான் இதுக்குள்ள இருக்கேன். என்ன செய்யறதுன்னு நீங்களே சொல்லுங்க."

டாக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "மக ஊர் எவ்வளவு தூரம்?"

"ஒரு பகல் ஓட்டம்."

"லாரிக்குப் பின்னாடி போகாதீங்க. கல் தெறிச்சா பெயின்ட் போயிடும்."

மகள் வீட்டு வாசலில் மனைவி குழந்தையை ஜன்னல் வழியாக நீட்டினார். "தலையப் பிடிங்க, தலைய" என்று மட்டும் அதட்டினார்.

வண்டி அந்தத் தெருவிலேயே நின்றது. தபால்காரர் கண்ணாடியைத் தட்டித் தபால் கொடுத்தார். டாக்டர் மாதாமாதம் பஸ்ஸில் வந்து மெல்லிய துணியால் பானெட்டைத் துடைத்துவிட்டுப் போனார். மனைவி ஜன்னலோரம் நின்றபடியேதான் பேசுவார். மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், குடையை மடக்கிவிட்டுக் கதவைத் திறந்தார்.

பெயின்டர் அலறினார். "ஏறாத! ஏறினா இறங்க முடியாது!"

"தெரியும். தள்ளி உக்காருங்க."

இரவெல்லாம் மழை கூரையில் கொட்டியது. விடியற்காலையில் குழந்தை அழும் சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்து இறங்கி, ஒரு தடையும் இல்லாமல் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது இன்னொரு தலையணை கொண்டுவந்தார்.